இடுப்பு எலும்பு முறிவும் நரம்பு பிளாக்கும்: நகரி, புத்தூர், திருத்தணிப் பக்கத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, திருத்தணி, சித்தூர் என்று ஆந்திர எல்லையின் இரண்டு பக்கமும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்காக எழுதியது இது. வீட்டுப் பெரியவர் ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டால், ஆம்புலன்ஸில் ஏற்றுவது தொடங்கி ஆபரேஷன் முடிந்து எழுந்து நிற்கும்வரை அவரைப் படுத்தி எடுப்பது வலிதான். அந்த வலியைப் பெருமளவு அடக்க ஓர் ஊசி இருக்கிறது. அதற்கு நரம்பு பிளாக் என்று பெயர். அப்படி ஒன்று இருப்பதே தெரியாததால் பல குடும்பங்கள் அதைக் கேட்பதில்லை, கேட்காததால் பலருக்கு அது கிடைப்பதும் இல்லை. மயக்க மருந்து மருத்துவராக இந்தப் பகுதிக் குடும்பங்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன்.

இடுப்பு முறிவு என்கிறார்கள். உண்மையில் உடைவது எந்த எலும்பு?

தொடை எலும்பின் மேல்முனை. அந்த முனையில் பந்து போன்ற ஒரு பகுதி இடுப்புக் கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும். பந்துக்குக் கீழே குறுகலான கழுத்து, அதற்கும் கீழே தசைகள் வந்து ஒட்டும் புடைப்பு. வயதானவர்களுக்கு முறிவு பெரும்பாலும் கழுத்திலோ புடைப்பிலோதான் ஏற்படுகிறது. மாடியிலிருந்து விழ வேண்டியதில்லை. குளியலறையில் கால் வழுக்கினாலோ, இரவில் பாத்ரூம் போக எழுந்து தடுமாறினாலோ போதும். எலும்பு தேய்ந்து மெலிந்திருப்பதால் அந்தச் சின்ன அடியையே அது தாங்காது.

விழுந்தவரால் எழுந்து நிற்க முடியவில்லை, ஒரு கால் சற்றுக் குட்டையாகத் தெரிகிறது, பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது என்றால் முறிவு என்றே வைத்துக்கொண்டு நடங்கள். எண்ணெய் தேய்த்து உருவிவிடுவது, காலைப் பிடித்து இழுத்துப் பார்ப்பது, இரண்டு பக்கமும் தாங்கி நடக்க வைத்துப் பார்ப்பது எதுவுமே வேண்டாம். இரண்டு காலுக்கும் நடுவே ஒரு தலையணையை வைத்து, கால்களைச் சேர்த்து லேசாகக் கட்டி, படுத்த நிலையிலேயே கொண்டுபோங்கள்.

அசையாமல் படுத்திருந்தால் வலி அவ்வளவாக இல்லை என்கிறாரே, பிறகு ஏன் இவ்வளவு கவலை?

ஆஸ்பத்திரியில் அசையாமல் படுத்திருக்க யாரும் விடமாட்டார்கள். ஸ்ட்ரெச்சரிலிருந்து எக்ஸ்ரே மேஜைக்கு மாற்றுவார்கள், அங்கிருந்து வார்டுக்கு. பெட்பேன் வைக்க இடுப்பைத் தூக்க வேண்டும். விரிப்பு மாற்ற ஒருக்களிக்க வேண்டும். இந்த முறிவின் வலி முழுக்க அசைவில்தான் இருக்கிறது. தொடையைச் சுற்றியுள்ள பெரிய தசைகள் உடைந்த இரண்டு முனைகளையும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் அசைவிலும் முனைகள் உரசும், உடனே தசை இன்னும் இறுகிப் பிடிக்கும்.

இப்படி வலிக்கும் என்று தெரிந்த பெரியவர் என்ன செய்கிறார் தெரியுமா? பெட்பேன் கேட்க வேண்டியிருக்குமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். சரியாகச் சாப்பிடுவதில்லை. மூச்சை ஆழமாக இழுக்கவும் இருமவும் பயப்படுகிறார், சளி தேங்குகிறது. திரும்பிப் படுக்காததால் முதுகின் அடியில் புண் வருகிறது. அதனால்தான் வலியை "வயசானவங்க, கொஞ்சம் பொறுத்துக்குவாங்க" என்று ஒதுக்க முடியாது. வலியைக் குறைப்பது அவர் உயிரைக் காப்பதன் ஒரு பகுதி.

நரம்பு பிளாக் என்றால் சரியாக என்ன?

இடுப்பு மூட்டிலிருந்து வலியைச் சுமந்து போகும் நரம்புகளின் பக்கத்தில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்துவது. வயலுக்குப் பாயும் தண்ணீரை மடையிலேயே அடைக்கிற மாதிரி, வலிச் செய்தி முதுகுத் தண்டை எட்டுவதற்கு முன்பே வழியில் தடுத்துவிடுகிறோம். புபிவகெய்ன், ரோபிவகெய்ன் ஆகியவைதான் பெரும்பாலும் பயன்படும் மருந்துகள். பல் பிடுங்கும்போது ஈறில் போடும் லிக்னோகெய்னின் உறவுக்காரர்கள் இவை, ஆனால் நீண்ட நேரம் வேலை செய்பவை. நரம்பில் செய்தி ஓடுவதற்குச் சோடியம் உள்ளே நுழைய வேண்டும். அந்தக் கதவுகளை இந்த மருந்து சில மணி நேரத்துக்கு மூடி வைக்கிறது. மருந்து வடிந்ததும் கதவுகள் தானாகத் திறந்துகொள்ளும்.

இதில் நோயாளி தூங்க மாட்டார். நினைவு முழுதாக இருக்கும், பேசுவார், தண்ணீர் கேட்பார். வலி மட்டும் தணிந்திருக்கும்.

வலி மாத்திரையோ, இடுப்பில் ஓர் ஊசியோ போதாதா?

பாரசிட்டமால் கட்டாயம் வேண்டும். எடைக்கு ஏற்ற அளவில், வலி வந்த பிறகு கேட்டு வாங்காமல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒழுங்காகக் கொடுப்பதுதான் முறை. ஆனால் எலும்பு முறிந்த ஒருவரைப் புரட்டிப் போடும்போது வரும் வலிக்கு அது மட்டும் போதாது.

டைக்ளோஃபெனாக் ஊசி நம் பக்கத்தில் எல்லாக் கிளினிக்கிலும் சாதாரணமாகப் போடுவது. 80 வயதில், தண்ணீர் குடிக்காமல் வறண்டு கிடக்கும் உடம்பில், அது சிறுநீரகத்தைக் கெடுக்கலாம், வயிற்றில் ரத்தக்கசிவையும் உண்டாக்கலாம். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011இல் வெளியிட்ட இடுப்பு முறிவு வழிகாட்டி இந்த வகை மருந்துகளைப் பரிந்துரைக்கவில்லை. டிரமடால், மார்ஃபின் போன்றவை வலியை அடக்கும்தான். கூடவே குமட்டல், மலச்சிக்கல், அரைத்தூக்கம், புத்தித் தடுமாற்றம் ஆகியவற்றையும் கொண்டுவரும். படுத்தே கிடக்கும் வலியைக் குறைப்பதில் அவை பரவாயில்லை, அசைக்கும்போது வரும் வலியில் பிளாக் அளவுக்கு உதவுவதில்லை.

இதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று படித்த பிள்ளைகள் கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். 2020இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு 49 ஆய்வுகளில் பங்கேற்ற 3,061 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. பிளாக் போட்ட அரை மணி நேரத்துக்குள் அசைவின் வலி, பூஜ்யத்திலிருந்து பத்து வரையான அளவுகோலில், சுமார் இரண்டரைப் புள்ளி குறைந்தது. புத்தித் தடுமாற்றம் குறைந்தது. நெஞ்சுச் சளித் தொற்றும் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று அந்த ஆய்வு சொல்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு முதன்முதலாக எழுந்திருப்பதும் ஏறத்தாழ 11 மணி நேரம் முன்பே நடந்தது. ஒற்றை ஊசிக்கு இது சாதாரணப் பலன் இல்லை.

எப்போது போட வேண்டும்? ஆபரேஷன் தியேட்டரில்தானே?

இந்தப் பதிவில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தியேட்டர் வரை காத்திருக்கத் தேவையில்லை. எமர்ஜென்சியில் வந்து இறங்கி, நாடி, பிரஷர், மற்ற அடிகள் எல்லாவற்றையும் பார்த்து, முறிவு என்று தெரிந்தவுடனேயே போடலாம். பார்த்த மாத்திரத்தில் முறிவு தெளிவாகத் தெரிந்தால் எக்ஸ்ரேவுக்கு முன்பே போடும் இடங்களும் உண்டு. ஏனென்றால் எக்ஸ்ரே மேஜையில் புரட்டுவதுதான் பல நோயாளிகளுக்கு முதல் நாளின் மிக மோசமான பத்து நிமிடம்.

நம் பக்கத்து நிலவரம் என்ன? நகரியில் விழுந்த ஒரு பாட்டியை முதலில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம். அங்கே எக்ஸ்ரே. "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்கிறார்கள். திருப்பதியில் ரூயாவா, தேவஸ்தானத்தின் பர்டு ஆஸ்பத்திரியா, இல்லை வேலூர் சி.எம்.சி.யா, திருவள்ளூரா, சென்னையா என்று சொந்தக்காரர்கள் போனில் பேசி முடிக்கவே பாதி நாள் போய்விடுகிறது. அப்புறம் வண்டிப் பயணம். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் அலறுகிறார். போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, எக்கோ, தியேட்டருக்கு வரிசை. இத்தனையும் முடிந்து ஆபரேஷன் மேஜையில் பிளாக் போட்டால், கொடுமையான நேரத்தையெல்லாம் அவர் பிளாக் இல்லாமலேயே கடந்து வந்திருப்பார்.

அதனால் முதலில் போகும் ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள்: "கிளம்புறதுக்கு முன்னால பிளாக் போட முடியுமா டாக்டர்?" போட்டால், என்ன மருந்து, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு என்று ரெஃபரல் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் மறுபடி போடும்போது மருந்தின் மொத்த அளவு மிஞ்சிவிடாமல் இருக்க அந்தக் குறிப்பு அவசியம். போட்ட பிறகு அரை மணி நேரமாவது அங்கேயே கண்காணித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

ஊசி போகும் வழியைப் பார்த்துப் போட எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கிடையாது. அப்படியானால் முடியாதா?

ஒரு வகை பிளாக்கை ஸ்கேன் இல்லாமலும் போடலாம். ஃபேசியா இலியாக்கா என்பது அதன் பெயர். இடுப்பின் உட்புறத் தசையை மூடியிருக்கும் ஒரு மெல்லிய உறைக்கு அந்தப் பெயர். தொடைக்குப் போகும் முக்கிய நரம்புகள் அதன் அடியில்தான் ஓடுகின்றன. இடுப்பின் முன்புற எலும்பு முனைக்கும் அந்தரங்க எலும்புக்கும் இடையே ஒரு கோட்டை மனத்தில் போட்டு, வெளிப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அதற்குச் சற்றுக் கீழே மழுங்கிய ஊசியைச் செலுத்துவார்கள். இரண்டு உறைகளைத் தாண்டும்போது கையில் இரண்டு முறை "டப்" என்று ஒரு விடுபடல் தெரியும். இந்த முறையை 1989இல் பிரான்ஸில் குழந்தைகளுக்காக விவரித்தார்கள், பிறகுதான் பெரியவர்களுக்கு வந்தது. பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் ஊசி நுழையும் இடத்திலிருந்து விலகியே இருப்பது இதன் பெரிய வசதி. பிரிட்டனில் பல இடங்களில் பயிற்சி பெற்ற நர்ஸ்களே இதைப் போடுகிறார்கள்.

ஸ்கேன் இருந்தால் இன்னும் நல்லது. ஊசி முனையும் மருந்து பரவுவதும் திரையில் தெரியும், தவறாமல் பலிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால் கர்ப்பிணிகளைப் பார்க்கும் ஸ்கேன் மெஷின் நம் பக்கத்துத் தாலுகா ஆஸ்பத்திரிகள் பலவற்றில் ஏற்கெனவே நிற்கிறது. மருந்தும் விலை உயர்ந்ததல்ல. குறைவாக இருப்பது பயிற்சி பெற்ற கைகள்தான். நம் சிறிய ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் இதைக் கற்றுக்கொடுப்பது பெரிய செலவில்லாமல் செய்யக்கூடிய வேலை, அது நடக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

புத்தூர் பக்கத்திலேயே இருக்கிறது. கட்டுப் போட்டால் சரியாகாதா?

மூலிகையும் முட்டை வெள்ளையும் வைத்துக் கட்டும் புத்தூர் கட்டைத் தேடிச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கை முறிவுக்கோ மணிக்கட்டுக்கோ அங்கே போய்க் குணமான ஒருவர் அனேகமாக நம் எல்லோர் வீட்டிலும் இருப்பார். அந்த நம்பிக்கையை நான் இழிவாகப் பேச மாட்டேன்.

ஆனால் இடுப்பு முறிவின் கதை வேறு. கையில் எலும்பு தோலுக்கு அருகில் இருக்கிறது, இரண்டு பக்கமும் தப்பை வைத்துப் பிடிக்கலாம். தொடை எலும்பின் கழுத்தோ அங்குலக் கணக்கில் சதைக்கு உள்ளே இருக்கிறது. அதைச் சுற்றியிருப்பவை உடம்பிலேயே பலமான தசைகளில் சில. வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் உள்ளே இழுபடுவதை அது நிறுத்தாது. இந்த முறிவுக்கு ஆஸ்பத்திரிகளிலும் மாவுக்கட்டு மட்டும் போட்டு அனுப்புவதில்லை, காரணம் இதேதான். இன்னொன்று, கழுத்து முறிந்து விலகிவிட்டால் பந்துக்குப் போகும் ரத்தக்குழாய்களும் அறுந்துபோகலாம். ரத்தம் கிடைக்காத பந்து கூடவும் செய்யாது, பிழைக்கவும் செய்யாது. அதனால்தான் பலருக்குப் பந்தையே மாற்றுகிறார்கள். புடைப்பில் முறிவு என்றால் ராடோ பிளேட்டோ வைத்துப் பிடித்துவிடுகிறார்கள்.

கட்டுப் போட்டு மூன்று மாதம் படுக்க வைத்தால், எலும்பு கூடுவதற்குள் படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் காலில் ரத்தம் உறைவதும் முந்திக்கொள்ளும். பெரியவரை ஆபரேஷனுக்குக் கொண்டுபோங்கள். தாமதம் ஒவ்வொரு நாளும் அவரிடமிருந்து எதையாவது பிடுங்குகிறது.

பிளாக் போட்டதும் வலியே இல்லை என்கிறார். அப்படியே வீட்டுக்குக் கூட்டிப்போகலாமா?

கூடாது. வலி அடங்கியிருக்கிறது, எலும்பு உடைந்தபடியேதான் இருக்கிறது. சில மணி நேரத்தில் மருந்து வடிந்துவிடும். "சரியாயிடுச்சு" என்று நினைத்து அவரை எழுப்பி நிற்க வைத்தால் முறிவு இன்னும் விலகும்.

எத்தனை வகை பிளாக் இருக்கிறது? எங்களுக்கு எது என்று எப்படித் தெரியும்?

தேர்ந்தெடுக்க வேண்டியவர் டாக்டர். ஆனாலும் பெயர்கள் காதில் விழும்போது பயமில்லாமல் இருக்கச் சொல்கிறேன். தொடையின் முன்புறப் பெரிய நரம்பை மட்டும் குறிவைப்பது ஃபெமோரல் பிளாக். ஓர் உறையின் கீழ் 30, 40 மில்லி மருந்தைப் பரவவிட்டுப் பல நரம்புகளை ஒன்றாக மரக்கவைப்பது மேலே சொன்ன ஃபேசியா இலியாக்கா. 2018இல் கனடாவின் டொரன்டோவிலிருந்து விவரிக்கப்பட்டது பெங் பிளாக். மூட்டு உறையின் முன்பக்கத்துக்கு வரும் சிறு கிளைகளை மட்டும், சுமார் 20 மில்லி மருந்தில், ஸ்கேன் பார்த்துத் தடுப்பது அது. மூட்டின் வலியை அதிகம் சுமப்பது முன்பக்கக் கிளைகள்தான் என்பதால் அது நன்றாகவே வேலை செய்கிறது. தொடைத் தசையின் பலமும் பெரும்பாலும் குறைவதில்லை, அதனால் சீக்கிரம் நடக்க வைக்கச் சௌகரியம்.

எது சிறந்தது என்று மருத்துவர்களிடையே இன்னும் பேச்சு ஓடுகிறது. உங்கள் டாக்டருக்கு எது நன்றாகக் கைவந்திருக்கிறதோ அதுவே உங்களுக்குச் சிறந்தது.

போடும்போது வலிக்குமா? எவ்வளவு நேரம் வேலை செய்யும்?

தோலை முதலில் மரக்கவைத்துவிட்டுத்தான் ஊசி போகும். ஓர் எறும்புக்கடி, அப்புறம் ஓர் அழுத்தம், அவ்வளவுதான். மல்லாந்து படுத்தபடியே போடலாம், புரட்ட வேண்டியதில்லை. பலன் தெரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஊசியை எடுத்த கையோடு ஆளைத் தூக்காமல் அந்த நேரம் பொறுங்கள். ஒருமுறை போட்டால் பெரும்பாலும் 8 முதல் 16 மணி நேரம் வரை தாங்கும். ஆபரேஷன் தள்ளிப்போகும் என்றால் மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே விட்டு இரண்டு மூன்று நாள் தொடர்ந்து மருந்து கொடுக்கும் வழியும் இருக்கிறது.

எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு வலி போய்விடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டின் பின்பக்கத்துக்கு வேறு நரம்புகள் வருகின்றன, அவை இந்த ஊசியில் அடங்குவதில்லை. பத்தில் ஒன்பதாக இருந்த வலி மூன்றாகக் குறைந்தாலே அவர் தூங்குவார், சாப்பிடுவார்.

பிளாக் போட்டால் முதுகு ஊசி தேவைப்படாதா?

பெரும்பாலும் தேவைப்படும். பிளாக் வலி தணிக்க, முதுகு ஊசியோ முழு மயக்கமோ ஆபரேஷன் செய்ய. ஆனால் இரண்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. முதுகில் ஊசி போட நோயாளியை உட்கார வைக்க வேண்டும் அல்லது ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். முறிந்த இடுப்போடு அதைச் செய்வது சித்திரவதை. முன்பே பிளாக் போட்டிருந்தால் அவர் முகம் சுளிக்காமல் ஒத்துழைப்பார்.

முதுகு ஊசியா முழு மயக்கமா என்று குடும்பத்துக்குள் சண்டையே நடக்கும். 2021இல் வெளியான ரீகெய்ன் என்ற ஆய்வு 1,600 இடுப்பு முறிவு நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தது. 60 நாள் கழித்து உயிரோடு இருப்பதிலும் நடமாடுவதிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எனவே அந்த முடிவை இதயம், நுரையீரல், சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்து மயக்க மருந்து டாக்டர் எடுக்கட்டும். எந்த முறையானாலும் பிளாக்கைக் கூடவே போடலாம்.

அம்மாவுக்கு 85 வயது. சர்க்கரை, பிரஷர், இதயத்தில் ஸ்டென்ட். உடம்பு தாங்குமா?

இப்படிப்பட்டவர்களுக்குத்தான் பிளாக் அதிகம் உதவுகிறது. வலியில் இதயத் துடிப்பும் பிரஷரும் ஏறுகின்றன, பலவீனமான இதயத்துக்கு அது பெரிய சுமை. பிளாக் அந்தச் சுமையை இறக்குகிறது, பிரஷரையும் கீழே தள்ளுவதில்லை.

எடை முக்கியம். மருந்தின் உச்ச அளவை எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறோம். புபிவகெய்னுக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வைத்தால், 40 கிலோ பாட்டிக்கு 80 மில்லிகிராம்தான். 0.25 சதவீத மருந்தில் அது 32 மில்லி. நம் ஊர்ப் பாட்டிகள் பலர் 40 கிலோகூட இருக்க மாட்டார்கள். முறிவோடு எடை மெஷினில் ஏற்ற முடியாதே. கடைசியாக எப்போது எடை பார்த்தீர்கள், எவ்வளவு இருந்தது என்று ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள்.

சர்க்கரையால் ஏற்கெனவே பாதம் மரத்திருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். தொடை மடிப்பில் படை, புண், அரிப்பு இருந்தால் காட்டுங்கள். வெட்கப்பட்டு மறைப்பவர்கள் அதிகம்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். ஊசி போடலாமா?

மாத்திரைப் பட்டையைக் கையோடு கொண்டுவாருங்கள். ஆஸ்பிரின் மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. குளோபிடோக்ரல் சாப்பிடுபவருக்கு முதுகு ஊசி போட ஐந்து முதல் ஏழு நாள் நிறுத்த வேண்டும் என்பார்கள். வார்ஃபரின், அபிக்ஸபான் போன்றவற்றுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. ஆனால் ஃபெமோரல், ஃபேசியா இலியாக்கா ஆகியவை தோலுக்கு அருகிலேயே, ரத்தம் கசிந்தாலும் கையால் அழுத்தி நிறுத்தக்கூடிய இடத்தில் போடப்படுபவை. அதனால் நன்மை தீமையைப் பார்த்துவிட்டு, மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அவற்றைப் போடுகிறோம். முதுகு ஊசிக்காகக் காத்திருக்கும் நாட்களில் வலிக்குக் கிடைக்கும் நல்ல வழி அதுதான்.

ஆபத்து என்னென்ன? கால் நிரந்தரமாக மரத்துப்போய்விடுமா?

மிகவும் பயப்பட வேண்டியது மருந்து தவறுதலாக ரத்தக்குழாய்க்குள் போவது அல்லது அளவு மிஞ்சுவது. முதலில் வாயைச் சுற்றி மரமரப்பு, நாக்கில் உலோகச் சுவை, காதில் ரீங்காரம் தெரியும். முற்றினால் வலிப்பு, இதயத் துடிப்பில் கோளாறு. இது அபூர்வம், ஆனால் உயிருக்கே ஆபத்தானது. அதனால்தான் சிரிஞ்சின் தண்டை அடிக்கடி பின்னுக்கு இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துகிறோம், மானிட்டர் மாட்டுகிறோம். இதற்கு மாற்று மருந்து உண்டு: 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் என்ற வெள்ளைக் கொழுப்புக் கரைசல். பிளாக் போடும் இடத்தில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். "லிப்பிட் இருக்கா டாக்டர்?" என்று நீங்கள் கேட்டால் எந்த நல்ல டாக்டரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நரம்பில் நீடித்த பாதிப்பு மிக அரிது. வந்தாலும் பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். ஊசி போட்ட இடத்தில் ரத்தக்கட்டு, தொற்று ஆகியவையும் நேரலாம், அவையும் குறைவுதான். ஒருசிலருக்குப் பிளாக் சரியாகப் பலிக்காமல் போவதும் உண்டு.

ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் ராத்திரி அப்பா ஏதேதோ உளறுகிறார், டியூபைப் பிடுங்குகிறார். மயக்க மருந்தால் மூளை கெட்டுவிட்டதா?

இல்லை. இடுப்பு முறிவுக்குப் பிறகு முதியவர்களுக்கு அடிக்கடி வரும் தற்காலிகப் புத்தித் தடுமாற்றம் இது. ஆபரேஷனுக்கு முன்பே, எந்த மயக்க மருந்தும் படாமலேயே தொடங்குவதும் உண்டு. அடங்காத வலி, தூக்கமின்மை, உடம்பில் நீர் வற்றியது, சிறுநீர்த் தொற்று, தூக்கம் வரவழைக்கும் ஊசிகள் எல்லாம் சேர்ந்து இதைக் கொண்டுவருகின்றன. இந்தப் பட்டியலில் வலியையும் தூக்க ஊசிகளையும் பிளாக் நேரடியாகக் குறைக்கிறது.

உங்களால் ஆகக்கூடியதும் நிறைய இருக்கிறது. கண்ணாடி, காது மெஷின், பல்செட் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். தெரிந்த முகம் ஒன்று எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். திருப்பதியில் நர்ஸ் தெலுங்கில் பேசுவார், வேலூரில் தமிழில். இரண்டும் பழகியவரானாலும் குழம்பியிருக்கும்போது சின்ன வயதில் வீட்டில் பேசிய மொழிதான் அவருக்கு எட்டும். அந்த மொழியில், இது ஆஸ்பத்திரி, இன்றைக்கு என்ன கிழமை, நான் இன்னார் என்று மெதுவாகச் சொல்லுங்கள். கட்டிப்போடச் சொல்லாதீர்கள்.

மறதி நோய் உள்ளவர்களை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். "வலிக்குது" என்று சொல்லத் தெரியாததால் அவர்களுக்கு வலி மருந்து குறைவாகவே கிடைக்கிறது. நெற்றி சுருங்குவது, முனகுவது, தொட வந்தால் கையைத் தட்டிவிடுவது, திடீரென்று சாப்பிட மறுப்பது எல்லாமே வலியின் மொழிதான். அதைப் படிக்கத் தெரிந்தவர் கூடவே வாழ்ந்த நீங்கள்தான். நீங்கள்தான் அவருக்காகப் பேசியாக வேண்டும்.

காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். அது இருந்தால் பிளாக் வேண்டாமா?

எடை கட்டி இழுப்பது பழைய வழக்கம். ஆபரேஷனுக்கு முன் எல்லோருக்கும் வழக்கமாகக் கட்டுவதால் வலி குறைகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. அது பிளாக்குக்கு மாற்றல்ல. கட்டியிருந்தால் குதிகாலில் தோல் சிவக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

பிளாக் போட்ட பிறகு வீட்டார் கவனிக்க வேண்டியது?

கால் மரத்திருப்பதால் சூடு தெரியாது. வெந்நீர் ஒத்தடமும் ஹாட் வாட்டர் பேகும் கூடவே கூடாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். குதிகால் படுக்கையில் அழுந்தாதபடி கெண்டைக்கால் அடியில் தலையணை வையுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு முதன்முறை எழுப்பும்போது பிசியோதெரபிஸ்டோ நர்ஸோ கூட இருக்கட்டும், வாக்கர் இருக்கட்டும். தொடைத் தசை பலமிழந்திருந்தால் முழங்கால் திடீரென்று மடங்கும்.

மருந்து வடியும் நேரத்தில் வலி சட்டென்று ஏறும், பெரும்பாலும் நடு ராத்திரியில். அது ஏறும்வரை காத்திருக்காமல் முன்பே மாத்திரை கொடுத்துவிடச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழிந்தும் மரமரப்போ பலவீனமோ போகவில்லை என்றாலும், ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கினாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

பிளாக்கில் வலி இல்லையே, ஆபரேஷனை அடுத்த வாரம் நல்ல நாள் பார்த்து வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். சேர்த்த அன்றோ மறுநாளோ ஆபரேஷன் நடக்க வேண்டும் என்பதுதான் மேலே சொன்ன நைஸ் வழிகாட்டியின் பரிந்துரை. நம் ஊரில் அவ்வளவு சீக்கிரம் எப்போதும் முடிவதில்லை. ஆனால் தாமதத்துக்கு நாமே காரணமாக இருக்கக் கூடாது. அமாவாசை கழியட்டும், வெளிநாட்டிலிருந்து மகன் வரட்டும் என்று தள்ளும் ஒவ்வொரு நாளும் நெஞ்சில் சளியும் முதுகில் புண்ணும் சேரும்.

ஆதார் ஆந்திரா, ஆஸ்பத்திரி தமிழ்நாடு. காப்பீடு கிடைக்குமா?

ஆரோக்யஸ்ரீ என்று நாம் சொல்லிப் பழகிய, இப்போது என்.டி.ஆர். வைத்திய சேவா என்று பெயர் மாறியிருக்கும் திட்டம் ஆந்திரக் குடும்பங்களுக்கு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு. எல்லையைத் தாண்டுவதற்கு முன், போகும் ஆஸ்பத்திரி உங்கள் அட்டையை ஏற்குமா என்று அங்குள்ள காப்பீட்டு உதவி மையத்தில் போன் போட்டுக் கேளுங்கள். 70 வயது நிரம்பியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தரும் ஆயுஷ்மான் பாரத் விரிவாக்கம் 2024 அக்டோபரில் தொடங்கியது. அந்த அட்டை வீட்டுப் பெரியவருக்கு இன்னும் எடுக்கவில்லை என்றால், விழுவதற்கு முன்பே எடுத்து வையுங்கள்.

டாக்டரிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது? தப்பாக நினைக்க மாட்டாரா?

நேராகக் கேளுங்கள். "அம்மாவுக்கு அசைச்சா ரொம்ப வலிக்குது டாக்டர். நரம்பு பிளாக் போட முடியுமா? மயக்க மருந்து டாக்டர் வந்து பார்ப்பாரா?" இவ்வளவு போதும். போட முடியாது என்றால் ஏன் என்று கேளுங்கள். ஆள் இல்லை, மருந்து இல்லை, அளவு ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது என்று ஏதாவது ஒரு காரணம் வரும். ஆள் இல்லை என்றால் எப்போது வருவார், அதுவரை வலிக்கு என்ன கொடுப்பீர்கள் என்பது அடுத்த கேள்வி. ராத்திரி பத்து மணிக்குக் கேட்டுக் கிடைக்கவில்லை என்றால் காலை ஆறு மணிக்கு மறுபடி கேளுங்கள்.